பொட்டைக் குட்டிக்கு ஒரு வீடு

வீட்டு நாய்க்கு 'கு.க.' ஆபரேஷன் செய்யலாமா, கூடாதா? மூன்று மாதமாக எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருவில் இதைப் பற்றி என்னிடம் அபிப்பிராயம் சொல்லாதவர் யாரும் பாக்கி இல்லை. பால்காரர் சொல்லிவிட்டார். இஸ்திரி வண்டிக்காரர் சொல்லிவிட்டார். காலை நடையில் கூட வரும் ரிடையர்டு நண்பர்கள் நால்வரும் நாலு விதமாகச் சொல்லிவிட்டார்கள். பெங்களூரில் இருக்கும் மகன் வீடியோ காலில் உத்தரவே போட்டான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நாய் போடப்போகும் குட்டிகள் ஒவ்வொன்றும் எந்த வீட்டுக்குப் போகும் என்று உங்களால் விலாசம் சொல்ல முடியுமா? முடியும் என்றால் யோசிக்கலாம். முடியாது என்றால் ஆபரேஷன் செய்துவிடுவதுதான் நியாயம். பெண் நாய் என்றால் இதையே இன்னும் அழுத்திச் சொல்வேன். அதற்கான முக்கியக் காரணம் நாயின் உடம்பில் இல்லை, நம் ஊர் மனசில் இருக்கிறது.

எங்கள் சிட்டு போன வருஷம் கார்த்திகை மாதம் கோரையாற்றங்கரையில் ஓர் அட்டைப் பெட்டியில் கிடைத்தாள். பெட்டியில் மொத்தம் நாலு குட்டிகள். நாலும் பொட்டை. ஒரு பிரசவத்தில் நாலும் பெண்ணாகப் பிறக்கக்கூடாதா என்றால், பிறக்கலாம். ஆனால் கொல்லாங்குளம் பக்கமும், ரயில் பாதை ஓரமும், காலி மனைகளிலும் பெட்டியிலோ சாக்கிலோ போட்டுவிட்டுப் போன குட்டிகளை இத்தனை வருஷமாகப் பார்த்து வருகிறேன். பெரும்பாலும் பொட்டையாகத்தான் இருக்கும். ஆண் குட்டிகள் கண் திறந்து நடக்க ஆரம்பித்ததும் ஆள் வந்து தூக்கிப் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பவை பெட்டிக்குள் போகும்.

பொட்டை என்பது அவ்வளவு மரியாதையான சொல் இல்லைதான். ஆனால் குட்டி கேட்டு வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியே அந்தச் சொல்லோடுதான் வருகிறது. "ஆணா, பொட்டையா சார்?" பொட்டை என்றதும் முகம் மாறும். "பொட்டைன்னா வேணாம் சார், வருஷத்துக்கு ரெண்டு தடவை தொல்லை." நிறத்தையோ ஜாதியையோ கேட்பதுகூட இதற்கு அப்புறம்தான்.

அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பெண் நாய் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மாத வயதுக்குள் முதல் தடவையாகப் பருவத்துக்கு வரும். அதன் பிறகு ஏறத்தாழ ஆறேழு மாதத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் சுமார் மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் வாசலில் பத்து கடுவன் நாய்கள் முகாம் போடும். இரவெல்லாம் சண்டை, ஊளை. கேட்டைத் திறக்க முடியாது, பைக்கை வெளியே எடுக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் நம்மைப் பார்க்கும் பார்வையே வேறு மாதிரி இருக்கும். ஒரு நிமிஷம் அசந்தால் சுமார் 63 நாள் கழித்து வீட்டில் ஐந்தாறு குட்டிகள். இந்தத் தொல்லைக்குப் பயந்துதான் பொட்டைக் குட்டியை யாரும் எடுப்பதில்லை. எடுக்காததால் அது தெருவுக்குப் போகிறது. தெருவில் வளர்ந்து அதுவே குட்டி போடுகிறது. அந்தக் குட்டிகளிலும் ஆணுக்கு ஆள் வரும், பெண்ணுக்கு வராது. இந்தச் சங்கிலியை உடைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அந்த ஆபரேஷன்தான். ஆபரேஷன் செய்த பெண் நாய்க்கு மூன்று வார முகாமும் இல்லை, குட்டியும் இல்லை. வீட்டில் வைத்துக்கொள்ள ஆண் நாய்க்கு அவள் எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை. பொட்டைக் குட்டிக்கு வீட்டுக் கதவைத் திறக்கும் சாவி அது என்று நான் நினைக்கிறேன்.

இனி எதிர்க்கட்சிகளுக்கு வருகிறேன்.

முதல் எதிர்ப்பு எங்கள் வீட்டுக்குள்ளேயே கிளம்பியது. "ஏங்க, ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே. அதுவும் ஒரு பொம்பளைதானே? தாயாகாம இருக்கிறது பாவம் இல்லியா?" என்றாள் மனைவி. நம் ஊரில் பாதிப் பேர் சொல்வது இதைத்தான். படித்தவர்களும் சொல்கிறார்கள். ஒரு பிரசவம் பார்த்தால்தான் நாயின் உடம்பு நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. மனசு விஷயத்தில், நாய் தாயாக வேண்டும் என்று ஏங்குவதாக நினைப்பது நம் ஏக்கத்தை அதன் தலையில் வைப்பது. அதற்குப் பருவம் வரும்போது உடம்பு உந்துகிறது, பருவம் போனால் உந்துதலும் போகிறது. காலண்டரைப் பார்த்து, 'நமக்கு இன்னும் ஆகவில்லையே' என்று கவலைப்படும் வழக்கம் நம்முடையது.

நான் மனைவியிடம் கேட்டது ஒரே கேள்வி. "சரிம்மா, ஆறு குட்டி போடுதுன்னு வை. அதுல மூணு பொட்டை. அந்த மூணையும் யார் வீட்ல கொடுப்பே?" உறவு, நட்பு, கோயில் தோழிகள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஆண் குட்டி என்றால் இரண்டு வீடு தேறியது. பொட்டைக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. அத்தோடு அந்த எதிர்ப்பு முடிந்தது. இந்தக் கணக்கை எல்லோரும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கணக்கு என்றதும் இன்னொன்று. ஒரு பெண் நாயும் அதன் வாரிசுகளும் சேர்ந்து ஆறே வருஷத்தில் 67,000 நாய்களாகிவிடும் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் இப்படிப்பட்ட எண்ணைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். பிறந்த குட்டி அத்தனையும் பிழைக்கும், பெண் குட்டி அத்தனையும் தவறாமல் குட்டி போடும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. நிஜத்தில் நடப்பது வேறு. கொல்கத்தா ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மேற்கு வங்கத் தெருக்களில் பிறந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். குட்டி போடும் வயதை, அதாவது ஏழு மாதத்தை, எட்டிப் பிழைத்தவை 19 சதவீதம் மட்டுமே. மற்றவை செத்துப் போயின அல்லது காணாமல் போயின. அந்தச் சாவுகளில் பெரும்பகுதிக்கு மனிதர்கள்தான் காரணம் என்கிறது ஆய்வு. வண்டியில் அடிபட்டது, அடித்துக் கொன்றது, விஷம் வைத்தது, இப்படி.

ஆறு குட்டி போட்டால் தோராயமாக ஒன்று பிழைக்கும். இதுதான் தெருவின் கணக்கு. 67,000 என்ற பொய்க் கணக்கைவிட இந்த நிஜக் கணக்குதான் என்னை உறுத்துகிறது. 'ஒரு தடவையாவது குட்டி போடட்டும்' என்பது கேட்க அன்பாகத்தான் இருக்கிறது. அந்த அன்பின் செலவைக் கட்டுவது நாம் அல்ல, பெட்டிக்குள் போகும் குட்டிகள்.

இரண்டாவது எதிர்ப்பு சாமி பெயரில் வந்தது. நடைத்தோழர் ஒருவர் நாயைப் பைரவர் என்றுதான் சொல்வார். "பைரவர் வாகனத்து மேல கத்தி வைக்கிறீங்களே சார், குடும்பத்துக்கு ஆகுமா?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். அவர் பக்தியில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் கேட்டது இதைத்தான்: நந்தி யார் வாகனம்? சாட்சாத் ஈசனின் வாகனம். ஆனால் காவிரிக் கரையில் தலைமுறை தலைமுறையாக ஏர் இழுத்ததும், வண்டி இழுத்ததும், கவலை இறைத்ததும் யார்? காயடித்த மாடுகள்தானே? பொலிகாளை என்று ஊருக்கு ஒன்றிரண்டை விட்டுவைத்துவிட்டு, மற்றக் கன்றுகளுக்கெல்லாம் காயடித்துத்தான் நம் முன்னோர் விவசாயம் செய்தார்கள். அதுவும் மயக்க மருந்து என்ற பேச்சே இல்லாத காலத்தில். கிடாவுக்கும் அதே கதிதான். எருது வேறு, காளை வேறு என்று தமிழில் பிரித்துச் சொல்கிறோமே, அந்தப் பிரிவுக்குள் இருப்பதே இந்த விஷயம்தான்.

நமக்கு உழைப்பு வேண்டும் என்றபோது மாட்டுக்குச் செய்ததைப் பாவம் என்று யாரும் சொல்லவில்லை. நாயின் நன்மைக்காக, மயக்க மருந்து கொடுத்து, டாக்டர் கையால் செய்வது மட்டும் எப்படிப் பாவமாகும்? நண்பர் சிரித்துவிட்டு, "வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் சார் நீங்க" என்றார். ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாளிலிருந்து பைரவர் பேச்சு வரவில்லை.

மூன்றாவது எதிர்ப்பு கொஞ்சம் கனமானது. இயற்கைக்கு விரோதமாக, அதன் சம்மதம் இல்லாமல், ஓர் உயிரின் உறுப்பை எடுக்க நமக்கு என்ன உரிமை? இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இது வெளிநாடுகளிலும் கேட்கப்படும் கேள்விதான். நார்வேயில் தக்க காரணம் இல்லாமல் நாய்க்கு இந்த ஆபரேஷன் செய்யச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஸ்வீடனில் 1988 வரை அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவிலோ பெரும்பாலான வீட்டு நாய்களுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கும். ஆக, இதில் உலகத்துக்கெல்லாம் பொதுவான தர்மம் என்று ஒன்று இல்லை. ஊருக்கு ஊர் நிலைமை வேறு. நார்வேயில் தெருநாயே கிடையாது. நாயை வெளியே அழைத்துப் போகிறவர் கையில் வார் இருக்கும். அங்கே ஒரு பெண் நாய் அதன் சொந்தக்காரருக்குத் தெரியாமல் சினையாவது அபூர்வம். புதூரில் என் வீட்டு கேட்டுக்கும் தெருவுக்கும் நடுவே இருப்பது இரண்டு அங்குல இடைவெளி. கேஸ் சிலிண்டர் வரும்போது கேட் அரை நிமிஷம் திறந்திருந்தால் போதும்.

சம்மதம் பற்றி இன்னொரு விஷயம். நாயைச் சங்கிலியில் கட்டுவதற்கும் அதன் சம்மதத்தை நாம் கேட்பதில்லை. ஆபரேஷன் செய்யாத பெண் நாயை வருஷத்தில் ஒன்றரை மாதம் ஒரே அறையில் அடைத்துப் போடுவதற்கும் கேட்பதில்லை. தெருவில் பெண் நாய் வாசனை வந்தால் நாள் முழுவதும் சோறு தின்னாமல் கேட்டைப் பிறாண்டும் ஆண் நாயைக் கட்டிப் போடுவதற்கும் கேட்பதில்லை. அதை வீட்டுக்குள் கொண்டுவந்த அன்றைக்கே இயற்கையிலிருந்து பிரித்துவிட்டோம். பாக்கி வாழ்க்கையைச் சங்கிலியில்லாமல் கழிக்க வழி செய்வதுதான் இனி நாம் செய்யக்கூடியது.

நாலாவது எதிர்ப்பு ஆண் நாய் வைத்திருப்பவர்களிடமிருந்து. "பொட்டைக்குச் செய்யுங்க சார், சரிதான். ஆணுக்கு எதுக்கு? அதுவா குட்டி போடப்போகுது?" இதைச் சொல்லும்போது ஆண்கள் முகத்தில் ஒரு வலி தெரியும், கவனித்துப் பாருங்கள். 'கு.க. ஆபரேஷன்' என்ற சொல் எங்கள் தலைமுறைக்குப் புதிதல்ல. சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' சுவரெழுத்தும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதில் ஆபரேஷன் மேஜையில் படுத்தது யார்? 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் ஏறத்தாழ 38 சதவீதம், ஆண்கள் அரை சதவீதம்கூட இல்லை. இத்தனைக்கும் ஆணுக்குச் செய்வதுதான் சுலபம். அதே கதையை இப்போது நாய்களிடமும் நடத்துகிறோம். ஆண் நாய்க்கு வயிற்றைத் திறக்க வேண்டியதே இல்லை, ஆபரேஷனும் சின்னது, ஆறுவதும் சீக்கிரம். வாசலில் முகாம் போடும் பத்து நாய்களில் இரண்டு மூன்று யார் வீட்டிலிருந்தோ கேட் தாண்டி வந்தவைதான். அவர்கள் வீட்டில் குட்டி பிறக்காது, வாஸ்தவம். வேறு எங்கோ பிறக்கும்.

உடம்பைப் பற்றிய கேள்விகளுக்கு வருகிறேன். இதில் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் செய்தால் எல்லாமே நல்லது என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியில்லை.

நல்ல பக்கம் முதலில். ஆபரேஷன் செய்யாத பெண் நாய்க்கு வயதாக ஆகக் கருப்பையில் சீழ் கட்டும் நோய் வரும். பயோமெட்ரா என்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். ஸ்வீடனில் பெரும்பாலான பெண் நாய்கள் ஆபரேஷன் ஆகாதவை என்பதால், அங்கே நாய்க் காப்பீட்டுப் பதிவேடுகளை வைத்து இதைக் கணக்குப் பார்க்க முடிந்தது. ஏறத்தாழ நாலில் ஒரு நாய்க்குப் பத்து வயதுக்குள் இது வந்திருந்தது. கருப்பையை எடுத்துவிட்டால் இந்தக் கவலை தீர்ந்தது. அடுத்தது மார்புக் கட்டி. 1969இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வை இன்றும் டாக்டர்கள் சொல்வார்கள். ஆபரேஷன் செய்யாத நாய்க்கு உள்ள ஆபத்தை 100 என்று வைத்தால், முதல் பருவத்துக்கு முன் செய்த நாய்க்கு அது அரை, ஒரு பருவத்துக்குப் பின் 8, இரண்டு பருவத்துக்குப் பின் 26. இந்த எண்களை அப்படியே நம்ப முடியாது, ஆதாரம் பலவீனம் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது நம் ஊர் நாய்களிடம் அடிக்கடி காணும் நோய். இனப்பெருக்க உறுப்பில் ரத்தம் கசியும் கட்டி. டி.வி.டி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். நாய்கள் சேரும்போது புற்றுநோய்ச் செல்லே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் பரவும் விசித்திரமான நோய் இது. பல ஆயிரம் வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடம்பில் தோன்றிய கட்டி, அந்த நாய் செத்த பிறகும் நாய்க்கு நாய் தாவி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். வின்கிரிஸ்டின் ஊசி வாராவாரம் போட்டால் பெரும்பாலும் குணமாகும். ஆனால் தெரு நாய்களோடு சேராத நாய்க்கு அந்த ஊசிக்கே அநேகமாக வேலை இருக்காது.

ஆண் நாய்க்கு விதையில் கட்டி வராது, வயதான காலத்தில் புராஸ்டேட் வீங்காது. புராஸ்டேட் புற்றுநோயை மட்டும் இது தடுக்காது.

இனி கெட்ட பக்கம். மயக்க மருந்து என்றாலே சின்ன ஆபத்தாவது உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு நாய்க்கு உடம்பு போடும். அதே அளவு சோறு வைத்துக்கொண்டே 'ஆபரேஷன் பண்ணினதுல குண்டாயிடுச்சு' என்று சொல்வதில் அர்த்தமில்லை, சோற்றைக் குறைக்க வேண்டும். பெண் நாய்கள் சிலவற்றுக்கு, முக்கியமாகப் பெரிய உடம்பு உள்ளவற்றுக்கு, வயதான பின் சிறுநீர் கசியும். எலும்பு மூட்டு விஷயம்தான் இப்போது அதிகம் பேசப்படுகிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2013இல் கோல்டன் ரெட்ரீவர் நாய்களைப் பற்றியும், 2020இல் 35 ஜாதிகளைப் பற்றியும் ஆய்வு வெளியிட்டார்கள். பெரிய ஜாதிகள் சிலவற்றில் ஒரு வயதுக்கு முன்பே ஆபரேஷன் செய்தால் மூட்டு நோய் கூடுகிறது, சின்ன ஜாதிகளில் பெரும்பாலும் அப்படி இல்லை என்று தெரிந்தது. ஆகவே லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் வைத்திருப்பவர்கள் அவசரப்படாமல் டாக்டரிடம் வயதைக் கேட்டுச் செய்ய வேண்டும். செய்யலாமா என்ற கேள்வி வேறு, எப்போது செய்வது என்ற கேள்வி வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு சும்மா இருந்துவிடக் கூடாது.

காவல் போய்விடுமா என்றும் கேட்கிறார்கள். ஊர் சுற்றுவதும், அங்கங்கே காலைத் தூக்குவதும், நாய்ச் சண்டையும் குறையும். அந்நியரைப் பார்த்துக் குரைப்பது வீட்டுப் பற்றினால் வருவது, அது எங்கும் போகாது. வெறிநாய்க்கடி ஊசிக்கு இது மாற்றும் அல்ல. அந்த ஊசியைத் தனியாக வருஷா வருஷம் போட்டே ஆக வேண்டும்.

இதெல்லாம் என் வீட்டு விஷயம், ஊருக்கு என்ன என்று கேட்கலாம். ஊருக்குத்தான் இதில் பெரிய பங்கு. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது நாய் பிடிக்கும் வண்டி வந்தால், எங்கள் நாயைக் கொல்லையில் சாக்கைப் போட்டு மூடி ஒளித்து வைப்போம். பிடித்துப் போன நாய் திரும்பி வராது. சென்னையில் புளூகிராஸ் அமைப்பு 1964 முதல் 'கொல்லாதீர்கள், கருத்தடை செய்யுங்கள்' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக் கொல்வதை நிறுத்தியது 1996இல். நாடு முழுவதற்கும் விதிகள் 2001இல் வந்தன, அவற்றுக்குப் பதிலாக 2023இல் புது விதிகள் வந்தன. நம் திருச்சியிலும் கோணக்கரையில் மாநகராட்சியின் கருத்தடை மையம் இருக்கிறது. காதில் சின்ன வெட்டோடு ஒரு தெரு நாயைப் பார்த்தால் அதற்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

அந்த 2023 விதிகளில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. வளர்ப்புப் பிராணிக்குக் குடற்புழு மருந்து, தடுப்பூசி, கருத்தடை மூன்றும் சொந்தக்காரரின் பொறுப்பு என்கிறது அது. தெரு நாய் அதிகமாகிவிட்டது, மாநகராட்சி என்ன செய்கிறது என்று டீக்கடையில் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். 2024இல் மட்டும் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள், வெறிநோயில் 43 சாவுகள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெரு நாய்களை மொத்தமாக அடைக்கச் சொல்லி, பதினோரு நாளில் அதை மாற்றி, கருத்தடையும் ஊசியும் போட்டு விட்டுவிடச் சொன்னது. நவம்பர் 7ஆம் தேதி, பள்ளி, மருத்துவமனை, ரயில் நிலையம், பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களை மறுபடியும் அங்கே விடக்கூடாது என்றது. பஞ்சப்பூர் பேருந்து முனையம் நமக்குக் கூப்பிடு தூரம். அங்கிருந்து நாய்களைப் பிடித்தால் எங்கே கொண்டுபோய் வைப்பார்கள், யார் சோறு போடுவார்கள் என்று ஊரே விவாதிக்கிறது. விவாதிக்கட்டும். ஆனால் ஒரு பக்கம் வரிப்பணத்தில் ஆபரேஷன் நடக்கும்போது, இன்னொரு பக்கம் நம் வீட்டிலிருந்து பெட்டி பெட்டியாகக் குட்டிகள் கோரையாற்றங்கரைக்குப் போனால் அந்த வேலை என்றைக்கு முடியும்? தொட்டியை இறைத்துக்கொண்டே குழாயைத் திறந்து வைத்த கதைதான்.

விதிவிலக்கே இல்லையா என்றால், உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நமக்கென்று நாய் ஜாதிகள் இருக்கின்றன. அவற்றைச் சுத்தமாக, வம்சம் பார்த்து வளர்ப்பவர்கள் எல்லோரும் ஆபரேஷன் செய்துவிட்டால் அந்த ஜாதியே போய்விடும். அப்படி வளர்ப்பவர் குட்டி எடுக்கட்டும். ஆனால் அவருக்கும் முதலில் சொன்ன விலாசக் கணக்கு உண்டு. விற்பனைக்காக வளர்ப்பவர் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது. 'எங்க வீட்டு லாப்ரடாருக்கு ஒரு ஜோடி பார்த்துச் சொல்லுங்க' என்று பத்தாயிரம் ரூபாய்க் கணக்கில் கேட்பவரை இந்த விலக்கில் நான் சேர்க்க மாட்டேன். ரொம்ப வயதான நாய், இதயக் கோளாறு உள்ள நாய் இவற்றுக்கும் டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சிட்டுவுக்கு ஆடியில் முதல் பருவம் வந்து போனது. பருவத்தில் இருக்கும்போது ரத்த ஓட்டம் அதிகம், முடிந்து இரண்டு மூன்று மாதம் போகட்டும் என்றார் டாக்டர். ஐப்பசியில் செய்தோம். முதல் நாள் இரவே சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். ரத்தப் பரிசோதனை முன்கூட்டியே செய்துகொண்டால் நல்லது. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டுவார்கள். அதை மாட்டிக்கொண்டு சிட்டு இரண்டு நாள் சுவரிலெல்லாம் முட்டிக்கொண்டு திரிந்தாள். பத்து நாளில் தையல் பிரித்தாயிற்று. ஆண் நாய்க்குச் செய்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும், ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரங்களுக்கு அதனால் சினைப்படுத்த முடியும், அதுவரை கேட் பூட்டியே இருக்கட்டும்.

போன வாரம் கிராப்பட்டியிலிருந்து ஒருவர் வீடு தேடி வந்தார். அவர் பேத்தி தெருவில் கிடந்த ஒரு பொட்டைக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, கொண்டுபோய் விடச் சொன்னால் அழுகிறாளாம். "ஆபரேஷன் பண்ணிட்டா நிஜமாவே தொல்லை இருக்காதா சார்? எவ்வளவு ஆகும்? எந்த வயசுல பண்ணணும்?" என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். டாக்டரின் நேரத்தையும் குறித்துக் கொடுத்தேன். 'ஆணா, பொட்டையா' என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துபோகாமல், அதற்கு அடுத்த கேள்விக்கு ஒருவர் வந்திருக்கிறார். அந்தக் குட்டி இப்போது அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது.